கைப்பிள்ளைக்காரி – 7: முதல் மூன்று நாள் பால்

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் சாயங்காலமானால் ஒரே கேள்வி கட்டில் கட்டிலாகச் சுற்றும். "பால் இறங்குச்சா?" மாமியார் கேட்பார், பார்க்க வந்த சித்தி கேட்பார், பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவும் விட மாட்டார். இல்லை என்று அவள் தலையாட்டி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போய் டின் பாலோடு வந்து நிற்பார். பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பால் வேண்டும் என்று மட்டும் அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மிகக் கொஞ்சம்தான் வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 மில்லி என்று அது படிப்படியாக ஏறும். சீம்பால் சுரக்கும் அளவும் ஏறக்குறைய இதுதான். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்ணுமே வரல" என்கிறார்கள். நோய் எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளை அணுக்களும் வைட்டமின் ஏ சத்தும் அந்தச் சொட்டில் செறிந்திருக்கின்றன. வயிற்றை இளக்கும் குணமும் அதற்கு உண்டு. தார் போலக் கருப்பாக வரும் முதல் மலம் சீக்கிரம் வெளியேறினால், அதோடு மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமியும் வெளியேறும். குடலிலேயே தங்கிவிட்டால் அது மறுபடி ரத்தத்தில் கலக்கும்.

பால் கட்டி, மார்பு கனத்து வருவது மூன்றாம் நாளை ஒட்டித்தான். நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை புரோஜெஸ்டிரோன் பாலைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். நஞ்சு விழுந்ததும் அதன் அளவு மளமளவென்று இறங்க, புரோலாக்டின் தன் வேலையைத் தொடங்கும். அதற்கு இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும். தலைப்பிரசவம், சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு இருந்தால் இன்னும் ஓரிரு நாள் தள்ளலாம்.

"ஆபரேஷன் பண்ணினா பால் வராது" என்பதை இந்த இடத்தில் சொல்லித் தீர்த்துவிடலாம். நஞ்சு எந்த வழியாக வந்தாலும் உடம்புக்குக் கிடைக்கும் சேதி ஒன்றுதான். தாமதமாகிறது என்பது உண்மை. தாய்க்கு வலி, அசைய முடியவில்லை, பிள்ளை வேறு அறையில் என்று பல காரணங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவைச் சிகிச்சை என்றால் தாய் விழித்துத்தானே இருக்கிறாள்? ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டால் கொடுத்துவிடுவாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 60. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கும் ஊரில் மீதி 40 பிள்ளைகளுக்கு அந்த முதல் மணி நேரம் ஏன் தவறியது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரிகள். பழி என்னவோ "இவளுக்குப் பாலே இல்ல" என்று பெற்றவள் தலையில் விழுகிறது.

டின் பாலில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். 30 மில்லியை ஒரே மூச்சில் குடித்த பிள்ளை மூன்று மணி நேரம் தூங்கும். வீடே நிம்மதியாகும். அந்த மூன்று மணி நேரமும் மார்பைச் சப்ப ஆளில்லை. பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். தேங்கினால் போதுமென்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை விடாமல் அழுது, மார்பை விட்டு எடுத்தாலே கத்தும். பட்டினி என்று எல்லோரும் பயப்படுவது அந்த ராத்திரியில்தான். பெரும்பாலும் அது நாளைய பாலுக்குப் பிள்ளை போடும் ஆர்டர். ராத்திரியில் புரோலாக்டின் கூடுதலாகச் சுரப்பதால் அந்த நேரத்துச் சப்பலுக்குப் பலனும் அதிகம். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் டின் மேல் குழந்தை படம் போடுவதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. விளம்பரமே இல்லாமல் அது வார்டுக்குள் வருகிறதென்றால், கொண்டுவந்து சேர்ப்பது நம் பயம்தான்.

சேனை வைப்பதற்கும் இதே பதில்தான். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய கிருமி விதைகள் குடலில் முளைத்து, தசைகளைத் தளர வைக்கும் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தன் குணம் பேரனுக்கு வர ஆசைப்படும் தாத்தா அவன் வளர்ந்ததும் கூடவே இருந்து பழக்கட்டும். அவசரமென்றால் ஒரு செயின் போடட்டும்.

சுற்றியிருப்பவர்களுக்கு உருப்படியான வேலை நிறைய இருக்கிறது. பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுக்க வேண்டும், தலையணை முட்டுக் கொடுக்க வேண்டும், ராத்திரியில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை மார்பில் போட வேண்டியிருக்கும். பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். கரு வட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போய், மோவாய் மார்பில் பதிய வேண்டும். கொடுக்கும்போது தாங்க முடியாத வலி இருந்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து, மறுபடி போடலாம். தூங்கி வழியும் பிள்ளைக்குக் கையால் பீய்ச்சி ஸ்பூனில் கொடுக்கலாம். பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகச் செய்து போடுங்கள், ருசிதானே. பத்தியம் என்று தண்ணீரை மட்டும் அளந்து கொடுக்காதீர்கள். தாகத்துக்குத் தண்ணீரும் வயிறாரச் சாப்பாடும் இல்லாமல் எந்தப் பூண்டும் உதவாது.

போதவில்லை என்பதை அழுகையை விடப் பிள்ளையின் துணி தெளிவாகச் சொல்லும். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று சிறுநீர் போக வேண்டும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறு தடவையாவது நனைய வேண்டும். மலமும் கருப்பு மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் கால்வரை இறங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். அப்போது அவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் அழ வேண்டியதில்லை. கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் தாயிடமே பீய்ச்சிய பால். அது போதாவிட்டால், கிடைக்கும் இடத்தில் தாய்ப்பால் வங்கிப் பால். குறைமாதப் பிள்ளைகளுக்காக மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நம் ஊர்ப் பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் டின் பால். எதுவானாலும் முதலில் மார்பில் போட்டுவிட்டு, பிறகு கொதிக்க வைத்த பாலாடையில், பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். புட்டி வேண்டாம்.

(தொடரும்)