ஃபியூஸ் போன பல்பை உடையாம கொடுங்க!

டியூப் லைட் ஃபியூஸ் போனால் நாம என்ன செய்றோம்? கழற்றி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிறோம். இல்லைன்னா குப்பைத் தொட்டியில் செருகி விடுறோம். சாத்தி வைத்தது என்றைக்காவது விழுந்து உடையும். தொட்டியில் போட்டது, லாரியில் குப்பையை அழுத்தும்போது உடையும். அந்த இடத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.

எந்த பல்பில் என்ன இருக்கு?

டியூப் லைட், சிஎஃப்எல்: இரண்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பல்பு முழுசாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. உடைந்தால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. தொடர்ந்து சுவாசிப்பவருக்கு நரம்புகளும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஏரி, ஆற்றில் கலந்தால் மீன் வழியாக நம்ம தட்டுக்கே திரும்பி வரும்.

எல்இடி: பாதரசம் கிடையாது. ஆனால் உள்ளே சர்க்யூட் போர்டும் அலுமினியமும் இருப்பதால் இது மின்னணுக் கழிவு. பழைய சார்ஜர், ரிமோட்டுடன் சேர்த்து வையுங்கள்.

குண்டு பல்பு: பாதரசம் இல்லை. காகிதத்தில் சுற்றி உலர் குப்பையில் கொடுக்கலாம். பாட்டில் கண்ணாடியோடு கலக்க வேண்டாம்.

2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகிக்கப்பட்டன. எல்இடிக்கு மாறியபோது கழற்றிய சிஎஃப்எல் உங்க வீட்டுப் பரணிலும் ரெண்டு கிடக்கலாம். ஒரு தடவை ஏறிப் பாருங்க.

யாரிடம் கொடுப்பது?

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், சிஎஃப்எல், டியூப் லைட்டுகளை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். இவற்றை வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்ற கணக்கையும் அந்த விதிகள் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொல்லின.

• பல்பை அட்டைப் பெட்டியில் வையுங்கள். டியூப் லைட்டை செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டுங்கள்.
• மேலே "டியூப் லைட், உடைக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள்.
• தூய்மைப் பணியாளரிடம் சொல்லி, கையில் கொடுங்கள். தொட்டியில் போட வேண்டாம்.
• மையம் எங்கே என்று தெரியவில்லையா? சென்னையில் 1913-க்கு அழையுங்கள், அல்லது 'நம்ம சென்னை' செயலியில் பதிவு செய்யுங்கள். மற்ற ஊர்களில் உங்கள் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்.
• அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் எல்லா வீட்டுப் பல்புகளையும் ஒரே இடத்தில் சேருங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் இருக்கிறது.

காயலான் கடையில் போட வேண்டாம். அலுமினியத்தை எடுக்க அங்கேயே உடைத்துவிட்டால், இத்தனை கவனமும் வீண்.

உடைந்துவிட்டால்?

பதற வேண்டாம். ஃபேன், ஏசியை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு எல்லாரும் 10 நிமிடம் வெளியே போய்விடுங்கள். பிறகு துடைப்பம் போடாதீங்க, வேக்யூம் கிளீனரும் கூடாது. இரண்டுமே பாதரசத்தைப் பரப்பும். கையுறை போட்டு, தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள். பொடியை டேப்பால் ஒற்றி, ஈரக் காகிதத்தால் துடையுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, எழுதி ஒட்டி, தனியாகக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு என்ன ஆகும்?

மறுசுழற்சி ஆலையில், ஆவி வெளியேறாத மூடிய இயந்திரத்துக்குள் டியூப் லைட்டை நொறுக்குவார்கள். கண்ணாடி, அலுமினிய முனைகள், உள்ளே பூசிய வெள்ளைப் பொடி எல்லாம் தனித்தனியாகப் பிரியும். பொடியைச் சூடாக்கி பாதரசத்தை மீட்பார்கள். கண்ணாடியும் அலுமினியமும் மறுபடி பயன்பாட்டுக்கு வரும்.

அடுத்த முறை பல்பு வாங்கினால், அது வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. பழைய பல்பைப் பத்திரமாகக் கொடுக்க அதுவே போதும்.