அடைபட்ட வாயில்

இரத்த அழுத்தம் என்றதும், மருத்துவர் புயத்தில் பட்டையைச் சுற்றி அளந்து பார்க்கும் அழுத்தமே நம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கருவிக்கு எட்டாத மற்றோர் அழுத்தமும் உண்டு. அது வயிற்றினுள்ளே ஒரு சிரையிலும் அதன் கிளைகளிலும் மட்டும் ஏறுவது. ஆண்டுக்கணக்கில் நோவின்றி ஏறிக்கொண்டிருந்து, ஒரு நாள் திடீரென இரத்த வாந்தியாக வெளிப்படும். மாணவ நேயர்களே, அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாயில் ஒன்றுகூடி, முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. ‘போர்ட்டா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு வாயில் என்பது பொருள். உணவிலிருந்து வரும் சத்தும் நஞ்சும் இங்கே பிரித்தறியப்படுகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் கல்லீரலுக்கு வருகிறது. அதில் முக்கால் பங்கு இச்சிரையின் வழியே வருவது. அத்தனை இரத்தத்தையும் கல்லீரலினூடே செலுத்த, 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உட்பட்ட அழுத்த வேறுபாடே போதுமானதாக இருக்கிறது.

நான் பிறந்த திருவரங்குளம், புதுக்கோட்டைக்கு அருகே, கண்மாய்களை நம்பி வாழும் சீமையில் உள்ளது. எங்கள் பக்கத்து உழவருக்கு இந்நோயை விளக்குவது எளிது. மடை தூர்ந்து போனால் நீர் வரத்து நின்றுவிடுமா? நீர்மட்டம் ஏறும், கரையின் மெலிந்த இடத்தைத் தேடி நீர் அரிக்கும். மஞ்சட்காமாலைக் கிருமிகளாலும், மதுவாலும், மிகுந்த கொழுப்பாலும் கல்லீரல் பல்லாண்டுகள் புண்பட்டுத் தழும்பேறினால் அதனைச் சிரோசிஸ் என்பர். தழும்பேறிய ஈரல் தூர்ந்த மடை போன்றது. அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டரை எட்டினால், உணவுக்குழாயின் அடியிலுள்ள மெல்லிய சிரைகள் மாற்றுக் கால்வாய்களாகிப் புடைக்கத் தொடங்கும். 12-ஐ எட்டினால் அவை வெடிக்கும் அபாயம் உண்டு. மண்ணீரல் பெருக்கும். வயிற்றில் நீர் கோத்து மகோதரம் தோன்றும். கல்லீரலைத் தொடாமல் விலகிச் செல்லும் நஞ்சு மூளையை எட்டினால் அறிவு தடுமாறும்.

இரத்த வாந்தி எடுத்தவரைக் கண்டதும், ‘குடித்துக் கெட்டவர்’ என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மிடையே பலர். அத்தீர்ப்பு எத்துணை தவறானது என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. மதுவைத் தொட்டறியாத இளைஞர் பலருக்கும் இந்த அழுத்தம் ஏறியிருப்பதையும், அவர்களுடைய கல்லீரல் பெரும்பாலும் செம்மையாகவே தொழிற்படுவதையும் இந்திய மருத்துவர்கள் கண்டனர். ஈரலினுள் பிரியும் போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள் குறுகிப் போனதே அங்கு நோய். சிரோசிஸ் அல்லாத இந்த நோய்க்கு 1969-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனிப்பெயர் சூட்டியது. காரணம் அறியப்படாத நோயாளரின் ஈரல் திசுவைச் சோதித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது இந்நோயே என்று 2009-இல் வெளியிட்டனர். இவர்களுக்கு இரத்தப் போக்கை மட்டும் தடுத்துவிட்டால், நெடுநாள் நலமாக வாழ இயலும்.

தடுப்பது எவ்வாறு? 1877-இல் ருஷ்ய நாட்டு எக் என்பவர், நாய்களில் போர்ட்டல் சிரையைப் பெருஞ்சிரையோடு நேரே இணைத்துப் பார்த்தார். பின்னர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில், அவ்வாறு இணைக்கப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் மயங்கித் தடுமாறுவதைக் கண்டனர். வாயிலை முற்றிலும் தவிர்த்துவிட்டால் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்னும் பாடம் அதிலிருந்து கிடைத்தது. இதய நோய்க்கென உண்டான புரொப்ரனலால் என்னும் மலிவான மாத்திரை இந்த அழுத்தத்தையும் தணிக்கும் என்று 1980-இல் பிரான்சு நாட்டு லெப்ரெக் குழுவினர் காட்டினர். 1986-இல் அமெரிக்க நாட்டு ஸ்டீக்மன், எண்டாஸ்கோப் குழாயை வாய்வழியே செலுத்திப் புடைத்த சிரைகளைச் சிறு ரப்பர் வளையத்தால் கட்டும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டுமே இன்றளவும் இந்நோய்க்கு முதன்மைத் துணைகள்.

ஆயினும், கரை உடைவதற்கு முன்பே பார்த்தால்தான் இத்துணைகளின் முழுப்பயன் கிட்டும். நாட்பட்ட ஈரல் நோய் உடையவரும், மண்ணீரல் பெருத்தவரும் இரத்தம் வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொள்ள வேண்டும். இரத்த வாந்தியும், தார் போன்ற கரிய மலமும் கண்டால் கைமருந்து தேடாமல், உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நோயின் வேரையே அறுக்கும் வழியும் ஒன்றுண்டு. ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு இலவசமாக இடப்படுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி இடுதல் நலம்.

நீங்கள் அனைவரும் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இவ்வாறு விழுந்தால், முதலில் சொல் எழுப்புகிறவராக நீங்கள் இருக்கக்கூடும். அந்தச் சொல் ‘இவர் எதனால் கெட்டார்’ என்பதாக இராமல், ‘வண்டியைக் கூப்பிடுங்கள்’ என்பதாக இருக்கட்டும்.