அம்மா நடத்தும் அழகிப் போட்டி... மேடையேறும் 'கொழுக்கட்டை' மகள்! 'டம்ப்ளின்' ஏன் பார்க்கணும்?

அம்மா அந்தக் காலத்து அழகி. ஒருகாலத்தில் தான் ஜெயித்த அதே போட்டியை இப்போது நடத்துகிறார். மகளுக்கோ போட்டி என்றாலே அலர்ஜி. அவளுக்கு அம்மா வைத்த செல்லப் பெயர் 'டம்ப்ளின்'. தமிழில் சொல்லணும்னா... கொழுக்கட்டை! அதை நாலு பேர் முன்னாடி சத்தமா கூப்பிட்டா எப்படி இருக்கும்?

ஜூலி மர்ஃபி 2015-ல் எழுதிய நாவலை வைத்து, 'தி ப்ரபோசல்' இயக்குநர் ஆன் ஃப்ளெட்சர் எடுத்த காமெடி படம் இது. 2018 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. அம்மா ரோஸியாக ஜெனிஃபர் அனிஸ்டன், மகள் வில்லோடீனாக டேனியல் மெக்டொனால்ட்.

கதை என்ன?

டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். வில்லோடீனுக்கு எல்லாமே அம்மாவின் சகோதரி லூசிதான். அவரும் பருமனானவர், பாடகி டாலி பார்ட்டனின் தீவிர ரசிகை. லூசி இறந்த பிறகு, அவருடைய பொருட்களில் ஒரு பழைய விண்ணப்பம் கிடைக்கிறது. பதினாறு வயதில் அதே அழகிப் போட்டிக்காக வாங்கி, கடைசி வரை கொடுக்காமலே விட்ட விண்ணப்பம். 'அப்போ நான் போறேன்' என்று வில்லோடீன் பெயர் கொடுக்கிறாள். ஆசையால் அல்ல, எதிர்ப்பைக் காட்ட!

என்ன ஸ்பெஷல்?

ஜிம், டயட், கடைசியில் ஒல்லியாகும் ஹீரோயின்... இந்த ஃபார்முலா இங்கே இல்லை. ஆனால் அவளை முழுசா நல்லவளாகவும் காட்டவில்லை. நிஜமான ஆசையோடு போட்டிக்கு வரும் பருமனான மில்லியை வில்லோடீனே ஏளனமாகத்தான் பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் போ முத்தமிட்டபோதும், அவன் கை உடம்பில் பட்டதுமே விலகி ஓடுகிறாள். 'இவனுக்குப் போய் என்னைப் பிடிக்குமா?' என்கிற சந்தேகம். ஊரைக் குறை சொல்கிற அவளே தன் உடம்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாள். படம் பேசுவது இதைத்தான்.

மைனஸ் உண்டா?

கதை எங்கே போகும்னு பாதியிலேயே தெரிஞ்சிடும். அம்மா பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

க்ளைமாக்ஸ் (ஸ்பாய்லர்!)

கிரீடம் வில்லோடீனுக்கு இல்லை. இரண்டாம் இடம் மில்லிக்கு! டாலி பார்ட்டனின் பாடல்கள்தான் படம் நெடுக ஓடுகின்றன. இதற்காக அவர் பாடிய புதுப் பாடல் ஒன்று கோல்டன் குளோப் பரிந்துரை வரை போனது.

வீக்எண்டில் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்க. முடிஞ்சதும் 'குண்டு'ன்னு கூப்பிடுறதைப் பத்திப் பேச ஒரு சாக்கு கிடைக்கும்.