மயோலிக்கா அரச உருவத் தட்டுகள்

மயோலிக்கா என்பது வெள்ளீய ஆக்சைடு கலந்த வெண்ணிற மெருகுப் பூச்சின் மேல் வண்ண ஓவியம் தீட்டப்படும் மட்பாண்ட வகை ஆகும். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் சிறப்புற்ற இக்கலை, பின்னர் நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் பரவி 'டெல்ஃப்ட்' எனப் பெயர் பெற்றது.

செய்முறை

ஒருமுறை சுட்ட களிமண் கலத்தை மெருகுக் குழம்பில் தோய்த்து உலர்த்துவர். அதன்மேல் கோபால்ட்டு (நீலம்), செம்பு (பச்சை), ஆண்டிமனி (மஞ்சள்), மாங்கனீசு (ஊதா) ஆகியவற்றின் சேர்மங்களால் வரைந்து மீண்டும் சுடுவர். உலர்ந்த பூச்சு நிறத்தை உடனே உறிஞ்சுவதால் இட்ட கோட்டைத் திருத்த இயலாது.

அரச உருவங்கள்

இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்லசு தலை வெட்டப்பட்டு முடியாட்சி ஒழிந்தது. 1660இல் அவர் மகன் இரண்டாம் சார்லசு அரியணை ஏறினார். 1689இல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் கூட்டாக முடிசூடினர். இவர்களின் உருவங்கள் பெரிய தட்டுகளில் தீட்டப்பட்டன. விரைந்து வரைந்ததால் முகச்சாயல் பொருந்துவது அரிது; பெயரின் முதலெழுத்துகளே இன்னார் எனக் காட்டின. உண்பதைவிடக் காட்சிக்கே இவை பயன்பட்டன. வீட்டார் எந்த அரசரின் பக்கம் என்பதைத் தட்டே அறிவித்தது.

பழவேற்காட்டுத் தொடர்பு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற சீனப் பீங்கானைப் பின்பற்றியே டெல்ஃப்ட் நகரக் குயவர் நீல-வெள்ளைக் கலங்களைச் செய்தனர். அக்கம்பெனி 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் உள்ளது. சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடமாக இக்கோட்டை விளங்கியது.