பழைய ரேசரை எடைக்குப் போடாதீர்கள்!

காலை ஆறு மணி. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஜன்னல் கம்பிகளில் கைக்கண்ணாடிகள் ஏறுகின்றன. ஒரு குவளைத் தண்ணீர், சோப்பு, பிரஷ், ரேசர். ஐந்தே நிமிடத்தில் முகச்சவரம் முடிந்துவிடுகிறது. லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு, கையில் இருந்த அந்தச் சின்னக் கருவியின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்க நேரம் ஏது?

ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. தபால்தலை, நாணயம் சேர்ப்பதுபோல் பழைய சேப்டி ரேசர்களைச் சேர்க்கிறவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவைப் போன்ற பழம்பொருள் சந்தைகளில்தான் இவர்கள் தேடி அலைகிறார்கள். நம் வீடுகளிலோ, அதே ரேசரைப் பித்தளை என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம்!

கத்திக்குப் போட்ட வேலி

மடக்குக் கத்தியால் தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது ஒரு காலத்தில் ஆபத்தான வேலை. கை கொஞ்சம் தவறினால் கன்னம் கிழியும். 18-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் கத்தி செய்யும் தொழிலாளியான ஜான் ழாக் பெரே என்பவர், கத்தியின் விளிம்பு மட்டும் சற்றே வெளியே தெரியும்படி மரத்தில் ஓர் உறை செய்தார். கத்திக்கு வேலி போட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று.

1847-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன், மண்வெட்டிபோல் கைப்பிடிக்குக் குறுக்கே கத்தி அமைந்த ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். 1880-ல் நியூயார்க் நகரின் காம்ப்ஃபே சகோதரர்கள் 'ஸ்டார்' என்ற ரேசரைக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு வந்துவிட்டது, ஆனால் தொல்லை தீரவில்லை. அந்தக் கத்தியையும் அடிக்கடி தோல்பட்டையில் தீட்ட வேண்டும்.

சோடா மூடி தந்த யோசனை

தீட்டும் வேலைக்கு முடிவு கட்டியவர் கிங் காம்ப் ஜில்லட். 1855-ல் பிறந்த இந்த அமெரிக்கர் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர். சோடா பாட்டில்களுக்குப் போடும் நெளிநெளியான தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் கம்பெனியில் அவருக்கு வேலை. "ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மறுபடியும் வாங்கும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி" என்பது பெயின்டர் அவருக்குச் சொன்ன யோசனை.

1895-ல் ஒரு நாள் காலை, சவரம் செய்துகொள்ளப் போனபோது கத்தி மழுங்கிக் கிடந்தது. வெட்டுவது விளிம்பு மட்டும்தானே, பின்னால் இவ்வளவு கனத்த இரும்பு எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. மெல்லிய தகடு, இரு பக்கமும் கூர், மழுங்கினால் எறிந்துவிட்டு வேறு போடலாம். யோசனை எளிது. காரியமோ எளிதாக இல்லை. அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர் ஏற்ற முடியாது என்று விவரம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். 1901-ல் பாஸ்டனில் கம்பெனி தொடங்கியது.

1903-ல் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு, அவ்வளவுதான்! மறு வருடமே 90 ஆயிரத்துக்கு மேல் ரேசர்கள் விற்றன. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது.

ரேசரைச் சும்மா கொடுத்து, பிளேடில் பணம் பண்ணினார் என்று ஒரு கதை உண்டு. அது சரியல்ல. ஆரம்பத்தில் ஒரு செட்டின் விலை 5 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. 1921-ல் காப்புரிமைக் காலம் முடிந்து, மற்றவர்களும் போட்டிக்கு வந்த பிறகே மலிவு ரேசர்கள் வந்தன.

இடையில் முதல் உலகப் போர் வந்தது. தாடி இருந்தால் நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்டாது. அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. போர் முடிந்து திரும்பியவர்கள் தினமும் தாங்களே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வயதைச் சொல்லும் எழுத்து

பழைய ரேசரின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் செய்த ஜில்லட் ரேசர்களின் தலைப்பகுதிக்கு அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். 1950-களிலும் 60-களிலும் வந்தவற்றில் இதைக் காணலாம். எழுத்து ஆண்டைக் குறிக்கும். எண் அந்த ஆண்டின் காலாண்டைக் குறிக்கும். 'ஏ' என்றால் 1955, 'பி' என்றால் 1956. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் 'எப்-1' என்பது 1960-ன் முதல் மூன்று மாதம். ரயில் பெட்டியில் எழுதியிருக்கும் விவரத்தைப் படிப்பதுபோல் இதையும் படித்துவிடலாம்.

அமைப்பும் துப்புக் கொடுக்கும். மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழல்வது ஆதி வகை. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரட்டைக் கதவுபோல் திறப்பது 1930-களில் வந்தது. பிளேடு எவ்வளவு நெருங்கி வெட்ட வேண்டும் என்று எண்களைத் திருப்பி வைத்துக்கொள்ளும் வகை 1950-களின் கடைசியில் வந்தது.

லண்டனில் செய்த 'ரோல்ஸ்' ரேசர் தனி ரகம். ஒரே கத்தி, அதன் உலோகப் பெட்டியின் ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல். பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் பெட்டிக்குள்ளேயே கத்தி தீட்டப்படும். இந்தக் கம்பெனி பின்னாளில் துணி துவைக்கும் இயந்திரம் விற்கப் போய், 1964-ல் நொடித்துப் போனது!

நம்மவர்கள் எறியவில்லை

உபயோகித்து எறியச் சொன்னது கம்பெனி. நம் அப்பாக்கள் எறிந்தார்களா? இல்லை. பாரத், அசோக், டோபாஸ் என்று எந்தப் பிளேடானாலும், மழுங்கியதும் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்து இன்னும் நாலு நாள் ஓட்டினார்கள். அதற்குப் பிறகும் அது பென்சில் சீவியது, நகம் வெட்டியது, தையல் பிரித்தது. வளவளவென்று பேசி அறுப்பவரை 'பிளேடு' என்று சொல்லும் அளவுக்குப் பேச்சிலும் கலந்துவிட்டது.

1971-ல் இரட்டைப் பிளேடு ரேசர் வந்தது. பிறகு மூன்று, ஐந்து என்று கூடிக்கொண்டே போயிற்று. பிளாஸ்டிக் ரேசர்கள் கைப்பிடியோடு குப்பைக்குப் போகின்றன. இருந்தும் பழைய இருமுனைப் பிளேடு சாகவில்லை. எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை பரவிய பிறகு முடிதிருத்தும் கடைகளில், ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு என்று பாதியாக ஒடித்து மாட்டுவது இந்தப் பிளேடைத்தான்.

ஊருக்குப் போகும்போது

அடுத்த முறை லீவில் ஊருக்குப் போகிறவர்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுத்துப்போன ரேசர் ஒன்று அடியில் கிடக்கலாம். கவனம்! உள்ளே துருப்பிடித்த பிளேடு இருக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள். வெந்நீர், சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பொறுமையாக ஊறவைத்துத் தேயுங்கள். பாத்திரம் துலக்குவதுபோல் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய்விடும். சேகரிப்பவர்கள் மதிப்பது அந்தப் பூச்சையும், உடன் வந்த பெட்டியையும்தான்.

எடைக்குப் போட்டால் கிடைப்பது ஒரு டீக் காசு. வைத்துக்கொண்டால்? இன்று பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரண இருமுனைப் பிளேடு, நூறு வருடத்துக்கு முந்திய ஜில்லட் ரேசரிலும் கச்சிதமாகப் பொருந்தும். எறிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்ய நினைத்தவர், எறியவே தேவையில்லாத ஒரு கைப்பிடியையும் சேர்த்துச் செய்துவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அப்பாவின் கை பட்ட பிடி அது. நாளைக் காலை அதில் ஒரு புதுப் பிளேடைப் போடுங்கள். லோக்கலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.