கார்டு தெரியாதா? கவலை வேண்டாம்... வெள்ளைக் கட்டையிலேயே ட்யூன் போடலாம்!

ஆசை ஆசையாக கீபோர்டு வாங்கினீங்க. நாலு கார்டு பழகியதும், ‘எதுக்கு அடுத்து எது வரணும்?’னு குழம்பி அதைப் பரண்ல ஏத்திட்டீங்களா? முதல்ல இறக்குங்க. கார்டு கணக்கு இல்லாமலேயே ட்யூன் போட ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர், மோடல் இசை.

மேற்கத்திய பாடல்கள் பெரும்பாலும் கார்டுகளின் இழுப்பில்தான் நகரும். ஜி செவன் கார்டை வாசித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஏதோ பாக்கி இருப்பதுபோல மனசு தவிக்கும். சி மேஜருக்கு வந்ததும், ‘அப்பாடா’ என்றிருக்கும். இந்தத் தவிப்பும் நிம்மதியும்தான் டோனல் ஹார்மனியின் உயிர். மோடல் இசையில் இந்த ஓட்டம் கிடையாது. ஒரு ஸ்கேலைப் பிடித்து, அதிலேயே நிதானமாக உலாவ வேண்டியதுதான்.

ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் 1959-ல் இதைத்தான் செய்தார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் ட்ராக்கான ‘ஸோ வாட்’டில் இருப்பது இரண்டே ஸ்கேல்கள். 32 பார்களில் முதல் 16, டி டோரியன். அடுத்த 8, அரைச்சுரம் மேலே ஈ ஃப்ளாட் டோரியன். கடைசி 8, மறுபடியும் டி. அதில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அதே ஆண்டு மே மாதம் கார்டுகள் தலைதெறிக்க ஓடும் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ஸைப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

இப்போ உங்க முறை. இடது கையால் டி, ஏ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். தம்புரா மாதிரி அது ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். வலது கையில் டி முதல் மேல் டி வரை வெள்ளைக் கட்டைகள் மட்டும். டி-யை ‘ஸ’ என்று வைத்தால், இவை நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான். கமகமும் பிடிகளும் சேர்ந்தால்தான் ராகம் என்பது வேறு விஷயம்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

* வரிகளை டி-யில் முடியுங்கள். அடிக்கடி சி-யில் முடித்தால், காது அதையே வீடாக நினைத்துக்கொள்ளும்.

* பி-யைத் தவறாமல் தொடுங்கள். டி-யின் இயற்கை மைனரில் அங்கே பி ஃப்ளாட்தான் வரும். டோரியனின் தனி மணமே இந்த பி-தான்.

* பழக்கதோஷத்தில் ஜி செவன், சி மேஜர் பக்கம் போய்விடாதீர்கள்.

‘ஒரே இடத்துல நின்னா போரடிக்காதா?’ அடிக்கும்தான். இங்கே சுவாரஸ்யம் சேர்க்க கார்டு கைகொடுக்காது. தாளத்தை மாத்துங்க, நடுநடுவே மௌனம் விடுங்க. அதுவும் போதலைன்னா, மைல்ஸ் மாதிரி அரைச்சுரம் மேலே போய்ட்டு வாங்க. பத்து நிமிஷம் வாசிச்சுப் பார்த்தீங்கன்னா, கீபோர்டை மறுபடி பரண்ல ஏத்த மனசே வராது!