ஒரே செடியின் பூ நடுத்தோட்டத்தில் நீலம், சுவரோரத்தில் இளஞ்சிவப்பு: ஏன்?

குன்னூரிலோ கொடைக்கானலிலோ பாட்டனார் விட்டுச்சென்ற பழைய பங்களாவின் தோட்டம் தங்கள் கைக்கு வந்து, அதில் ரம்பப்பல் விளிம்புடைய அகன்ற இலைகளும் பந்துபோல் திரண்ட பூங்கொத்துகளும் கொண்ட புதர்ச்செடியொன்றைத் தாங்கள் காண நேர்ந்தால், அது ஜப்பானைப் பூர்வீகமாகக் கொண்ட ஹைட்ரேஞ்சியாவாகவே பெரும்பாலும் இருக்கும்.

விசித்திரத்தைப் பாருங்கள்! நடுத்தோட்டத்தில் நீல வர்ணமாய் மலரும் அதே ஜாதிச் செடி, சுண்ணாம்புச் சுவரோரத்தில் இளஞ்சிவப்பாக மலர்கிறதே, காரணம் யாது?

நாம் பூவிதழ் என்று கருதுவது உண்மையில் புல்லியிதழ். அதிலுள்ள சாயம் இயல்பில் சிவப்புச் சாயலுடையது. அலுமினியம் என்னும் உலோகம் மண்ணில் ஏராளமாக உண்டெனினும், மண் புளிப்புத் தன்மை பெற்றிருந்தால்தான் அது நீரில் கரைந்து, வேர்வழியே ஏறிப் பூவை அடைந்து, சாயத்தோடு கூடி நீலத்தைப் பிறப்பிக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவை தனித்தனியே சிவப்பல்ல, வாயில் சேர்ந்த பின்பே சிவக்கின்றன அல்லவா? இதுவும் அத்தகைய சேர்க்கையே.

மலைமண் இயற்கையில் புளிப்பானது. சுவரிலிருந்து மழையில் கரைந்திறங்கும் சுண்ணாம்போ அப்புளிப்பை முறித்து, அலுமினியத்தைக் கரையவிடாமல் மண்ணிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது.

நீலம் வேண்டுவோர் படிகாரத்தைக் கரைத்து ஊற்றுவதுண்டு, அதிலும் அலுமினியம் இருக்கிறதே! வெள்ளை ரகத்திடம் மட்டும் இவ்வித்தை பலிக்காது.

கத்தரிக்கோலை எடுக்குமுன் சற்று நிதானியுங்கள்: அடுத்த வருஷத்து மொட்டுகள் பழைய கிளைகளிலேயே முன்கூட்டி உருவாகிவிடுவதால், வாடிய கொத்தை மாத்திரம், அதன் கீழுள்ள தடித்த மொட்டுகளுக்கு மேலாக நறுக்கினால் போதும்.